உள்மூச்சில் ஓர் ஆம்

போடோவில் மழை மேலிருந்து விழுவதில்லை,
பக்கத்திலிருந்து வருகிறது.
ஓட்டலின் மூன்றாம் மாடியில்
கல்யாண விருந்துக்கு விடும் அறை.
விளக்கில் சிக்கிய பலூன் நூல் ஒன்றை
யாரும் அவிழ்க்கவில்லை.
அதன் கீழேதான் வாக்குமூலம்.

எனக்கு முன்பே புறப்பட்டது என் கோரிக்கைக் கடிதம்.
ஹேக் உடன்படிக்கை, மூன்று முத்திரை, இரண்டு மொழி.
ஓஸ்லோவில் ஒரு மேசையில்
பதினான்கு மாதம் தூங்கி எழுந்து
இப்போதுதான் கண்ணைக் கசக்குகிறது.

எதிரே டொர்கெய்ர் ஓஸ்னெஸ்,
சால்மன் பண்ணையின் கணக்கு மேற்பார்வையாளர்.
இரவல் கோட்டு. தோள் அவருடையதில்லை.

ஏழாம் கூண்டில் எத்தனை மீன்?
"ஒரு லட்சத்து எண்பத்திரண்டாயிரம்."
எட்டாம் கூண்டில்?
"அதே."
மூன்று காலாண்டு, ஒரு மீனும் குறையவில்லை.
சாவில்லாத கடல், பேன் பிடிக்காத கடல்.
தீவன ரசீதை மெல்ல நகர்த்துகிறேன்.
பாதி வாய்களுக்குத்தான் இரை வாங்கியிருக்கிறார்கள்.
மீதி மீன்கள் என்ன சாப்பிட்டன, ஐயா?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.
ஏட்டு மீன் நியூயார்க்கில்
பங்கு நாற்பத்தொரு டாலருக்குப் போனது.
வாங்கியது டொலீடோ பேருந்து ஓட்டுநர்களின் ஓய்வூதிய நிதி.
நிதியின் சார்பில் கையெழுத்திட்டவள் லோர்னா பிக்கெட்,
பத்தொன்பதாம் தடம், இருபத்தாறு வருஷம்,
முதுகில் இரண்டு எலும்பு நகர்ந்தவள்.
மீன் வாசனையே ஆகாது என்றாள் ஃபோனில்.

எங்கள் தொழிலில் பாதி வழக்கு
குற்றம் எது என்பதல்ல, எங்கே என்பதுதான்.
பொய் நடந்தது மீனில்லாத நீரிலா,
அதை நம்பிய திரையிலா?
நீதிபதி ஒரு வருஷம் அதையே கேட்டார்.
நான் ஒரு வருஷம் அதையே சொன்னேன்.

இப்போது அந்தக் கேள்வி.
"தணிக்கையாளர்கள் ஏழாம் கூண்டை எண்ணிவிட்டு
உறங்கப் போன இரவில்
அதே மீன்களைக் குழாய் வழியே
எட்டாம் கூண்டுக்கு மாற்றினீர்களா?"

அவர் வாய் திறக்கிறது.
சொல் வெளியே வரவில்லை.
காற்று உள்ளே போகிறது,
கொதிக்கும் காபியை உறிஞ்சுவதுபோல்
சின்னதாய், கூராய், ஒரு முறை.

மேரிபெத்தின் விரல்கள் விசைகளின் மேல் நிற்கின்றன.
"மூச்சை எப்படிப் பதிவது?"
"ஆட்சேபம்" என்கிறார் எதிர்த்தரப்பு விட்கோம்.
"மிஸ் லினெட்ஸ்கி, சாட்சிக்கு ஆஸ்துமா இருக்கலாம்."
மொழிபெயர்க்க வந்த ரங்ஹில்ட்
கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கிறாள்.
"அது ஆம்.
இங்கே அதை உள்ளே இழுத்துத்தான் சொல்வோம்.
என் அப்பா மாதாகோவிலில் அப்படித்தான் சொன்னார்.
பாதிரியார் இரண்டாம் முறை கேட்கவில்லை."

நான் கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.
சத்தமாகச் சொல்லுங்கள், பதிவுக்காக.

டொர்கெய்ர் ஜன்னலைப் பார்த்தார், விட்கோமைப் பார்த்தார்.
பிறகு வெளிமூச்சில், பிழையில்லாத ஆங்கிலத்தில்,
"எனக்கு நினைவில்லை."

பக்கம் நூற்றுப் பதினான்கு, வரி ஒன்பது:
பதில் ஒலிக்கவில்லை.

இருந்தும் எட்டு மாதத்தில் சமரசம் பேச வந்தார்கள்.
அந்த மூச்சை விட்கோமும் கேட்டிருந்தார்.
பங்குக்கு ஒரு டாலர் அறுபது காசு.
எங்கள் நிறுவனத்துக்கு மூன்றில் ஒன்று,
அதில் என் சமையலறைக்குப் புதுத் தரை.
நான்காம் பிரிவை நானே எழுதினேன்,
எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளாமல் என்று,
காற்புள்ளி உட்பட.

லோர்னாவை அழைத்துத் தொகையைச் சொன்னேன்.
பின்னால் ஏதோ பேருந்தின் கதவு பெருமூச்சு விட்டு மூடியது.
"சரி, பணம் இருக்கட்டும்," என்றாள்.
"செஞ்சோம்னு ஒத்துக்கிட்டாங்களா?"

நான் காற்றை உள்ளே இழுத்தேன்,
சின்னதாய், கூராய், ஒரு முறை.

"ஹலோ?" என்றாள் லோர்னா.
"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"